குறித்த இடம் குறித்தவர்க்கே

பெருங்கடல்களில் ஓடும் உல்லாசக் கப்பல்களில், சக்கர நாற்காலியில் வாழ்வோருக்கென்று சில அறைகள் தனியே அமைக்கப்பட்டிருக்கும். நூற்றுக்கணக்கான அறைகளுக்கு நடுவே அவை மிகச் சில. அவற்றுள் ஒன்றை ஒருவர் பல மாதங்களுக்கு முன்பே கேட்டு, பணம் கட்டி, உறுதிச் சீட்டும் பெற்றுவிடுகிறார். பயண நாள் நெருங்கும் வேளையில் நிறுவனத்திடமிருந்து மடல் வருகிறது. தவிர்க்க இயலாத காரணத்தால் அறை மாற்றப்பட்டிருப்பதாகவும், அதே தரத்திலோ மேலான தரத்திலோ வேறு அறை தரப்படுவதாகவும், நேர்ந்த சிரமத்திற்கு வருந்துவதாகவும் அந்த மடல் சொல்லும். மடல் மிகப் பணிவானது. அந்தப் பணிவை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஏனெனில், அந்த அறைக்கும் ஏனைய அறைகளுக்கும் உள்ள வேறுபாடு மெத்தையின் மென்மையிலோ சன்னலின் காட்சியிலோ இல்லை. கதவில் இருக்கிறது. சக்கர நாற்காலி நுழையக் கதவின் திறப்பு குறைந்தது 32 அங்குலம் வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். நம் நாட்டு வழிகாட்டி நெறிகள் 90 சென்டிமீட்டர் கேட்கின்றன. நாற்காலியை ஒருமுறை முழுதாகத் திருப்புவதற்கு ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வெறுந்தரை வேண்டும். கப்பலின் சாதாரண அறைகளில் கதவு ஒடுக்கம். குளியலறை வாசலில் நீர் வெளியே வழியாதிருக்க உயர்ந்த படி. நாற்காலியை வெளியே தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போகவும் வழியில்லை. ஆபத்து வேளையில் பாதையை அடைக்கும் என்று கப்பல்காரர்களே அதைத் தடைசெய்திருக்கிறார்கள். ஆகவே 'வேறு அறை' என்பதன் பொருள் என்ன? ஏழு நாள் குளிக்க இயலாது. இயற்கைக் கடன் கழிக்க ஒவ்வொரு வேளையும் பிறர் தூக்கிச் செல்ல வேண்டும். நாற்காலி ஓரிடம், அதற்குரியவர் வேறிடம். கடலை நோக்கிய மாடத்தோடு கூடிய உயர்தர அறையே கொடுத்தாலும், அந்த மாடத்தின் வாசற்படி அவருக்குச் சுவர்தான். நடப்பவருக்கு இது அறை மாற்றம். நடக்க இயலாதவருக்கு இது பயண மறுப்பு. மறுப்பை மாற்றம் என்று பெயரிட்டு அனுப்புவதால் அது மாற்றமாகிவிடாது.

காரணங்கள் பலவாறு சொல்லப்படும். குறித்த கப்பலுக்குப் பதிலாக வேறு கப்பல் அனுப்பப்படுகிறது, அதில் இத்தகைய அறைகள் குறைவு என்பார்கள். பதிவு அலுவலகத்தில் பிழை நேர்ந்தது என்பார்கள். விசாலமாக இருக்கிறதே என்று உடல்நலம் உள்ளோரே அவ்வறைகளைப் பதிவு செய்துகொள்வதும் உண்டு. காரணம் எதுவாயினும், இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விழுவதைக் கவனியுங்கள். ஆயிரம் பயணிகளுள் எவரை வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். அவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். மாற்றவே முடியாத ஒருவரைத் தேடிப்பிடித்து மாற்றுவது எந்த நிர்வாகத் திறமையைச் சேர்ந்தது?

"பாகூரில் இருந்துகொண்டு உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசுவானேன்? ஏரிக்குத் தண்ணீர் வருமா, கரும்புக்கு விலை கிடைக்குமா என்று பேசலாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் கப்பல் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. 2022 ஜூன் மாதத்தில் தமிழக முதல்வர் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கொர்டேலியா உல்லாசக் கப்பல், விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரிக் கடலுக்கும் வந்தது. அரசின் அனுமதி கிடைக்காமல் திரும்பிச் சென்றது. அப்போது எழுந்த வாதமெல்லாம் சூதாட்டம் பற்றியும் பண்பாடு பற்றியும் இருந்தது. இருக்கட்டும், அதுவும் கேட்க வேண்டியதே. ஆனால் நம் கடற்கரை ஆழமற்றது. பெருங்கப்பல் தொலைவில் நங்கூரமிட, மக்கள் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மசூலாப் படகு செய்த வேலை அது. ஆடும் படகில் சக்கர நாற்காலி எப்படி இறங்கும், எப்படி ஏறும் என்ற கேள்வி அன்றைய அறிக்கைகளில் என் கண்ணில் படவில்லை. இன்னொன்றும் உண்டு: இத்தகைய கப்பல்களில் படுக்கை விரிப்பவர்களும் உணவு பரிமாறுபவர்களும் பெரும்பாலும் நம்மைப்போன்ற ஊர்களிலிருந்து உணவகக் கல்வி முடித்துச் செல்லும் பிள்ளைகள்தாம். மாற்றப்பட்ட அறைக்குள் ஒரு முதியவரைத் தூக்கிவைக்கும் கைகள் அவர்களுடையவை.

கப்பலை விடுங்கள். கொடுத்த இடத்தைப் பறிப்பது நம் நாட்டில் வானத்திலும் நடந்தது. 2012 பிப்ரவரி 19. கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட இருந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஜீஜா கோஷ் என்னும் பெண்மணி தம் இருக்கையில் அமர்ந்துவிட்டார். அவர் பெருமூளை வாதம் உடையவர். மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காக நெடுங்காலம் பணியாற்றியவர். கோவாவில் அதே பொருள் குறித்த கருத்தரங்கு ஒன்றுக்குத்தான் சென்றுகொண்டிருந்தார். ஊழியர்கள் அவரிடம் வந்து பயணச் சீட்டைக் கேட்டார்கள். பிறகு இறங்கச் சொன்னார்கள். அவர் மன்றாடியும் பயனில்லை. அவருடைய உடல்நிலை பறக்கத் தகுதியற்றது என்று விமானி முடிவு செய்தாராம். மருத்துவர் ஒருவரையும் அழைத்துக் கேட்கவில்லை. அவருக்கு நேர்ந்தது நோய் அன்று, வாழ்நாள் முழுதும் உடன்வரும் உடல் அமைப்பு என்பதை அறிந்துகொள்ளும் பொறுமையும் எவருக்கும் இல்லை. கருத்தரங்கு அவர் இல்லாமலே நடந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2016 மே 12 அன்று நீதிபதிகள் சிக்ரி, அகர்வால் ஆகியோர் அவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தனர். இந்தத் தீர்ப்பில் நம் வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது தொகையை அன்று. மாற்றுத் திறனாளியின் பிரச்சினையை இரக்கத்தின் கண்கொண்டு பார்க்காமல் மனித மாண்பின் கண்கொண்டு பார்த்தது நீதிமன்றம். மாண்பு என்பது கோவிலில் நாம் அடிக்கடி கேட்கும் சொல். ஒரு விமான இருக்கைக்கு அதைப் பொருத்திக் காட்டியவர்கள் நீதிபதிகள். நமக்கு முன்பே அவர்கள் செய்துவிட்டார்கள் என்பதில் நாம் சற்று வெட்கப்படலாம்.

தீர்ப்பு வந்து ஆறாண்டு கழித்து, 2022 மே மாதம், ராஞ்சி விமான நிலையத்தில் சிறப்புக் கவனம் தேவைப்பட்ட ஒரு சிறுவனை இண்டிகோ நிறுவனம் ஏற்ற மறுத்தது. பெற்றோரும் பயணம் செய்யவில்லை. உடன் பயணித்த மருத்துவர்கள் உதவ முன்வந்தும் பயனில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஐந்து இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. உடல்நிலை குறித்து ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கொண்டு நேரில் சோதித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்று விதியையும் திருத்தியது. நல்லது. ஒரு சிறுவன் அவமானப்பட்ட பிறகு ஒரு விதி திருந்துகிறது என்பதுதான் நம் நாட்டு வழக்கமாகிவிட்டது.

சட்டமே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இரயில் பெட்டி, பேருந்து, விமானம் ஆகியவற்றோடு கப்பலையும் பெயர் சொல்லிக் குறித்தது. அவற்றின் கழிவறைகளைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றவாறு அமைக்கச் சொன்னது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் 'பொருளாதார வலிமையின் எல்லைக்குள்' என்று ஒரு வாசகத்தை வைத்தது. அந்த வாசகத்தின் நிழலில் இருபது ஆண்டுகள் எல்லோரும் இளைப்பாறினார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் முந்தியதைவிட மிக விரிந்தது; நீர்வழிப் போக்குவரத்தும் அதன் வரையறையில் அடங்கும். ஆயினும் அதன் 41-ஆம் பிரிவில், பழைய ஊர்திகளை மாற்றியமைப்பது பற்றிப் பேசும் இடத்தில், 'தொழில்நுட்ப முறையில் இயலுமாயின்', 'பொருளாதார நோக்கில் கட்டுப்படியாகுமாயின்' என்ற அதே பழைய நிழல்கள் மீண்டும் விழுகின்றன. 2024 நவம்பர் 8 அன்று இராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகோல்கள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லி, மூன்று மாதத்தில் அத்தகைய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. இடையில் நாம் செய்த பெரிய சீர்திருத்தம் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத் திறனாளிகள்' என்று மாற்றியதே. சொல் மாறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். கதவின் அகலமும் மாறியிருந்தால் இன்னும் மகிழ்வேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடம் அமைப்பது வேறு. அமைத்த இடத்தை உரியவருக்காகக் காத்து நிற்பது வேறு. நம் சட்டத்தின் 41-ஆம் பிரிவு முன்னதைச் சொல்கிறது. பின்னதைச் சொல்லவில்லை. இதைச் சொன்ன சட்டம் உலகில் உண்டு, அதுவும் கப்பலைக் குறித்தே. அமெரிக்காவின் ஹூஸ்டன் துறைமுகத்தில் ஏறிய மாற்றுத் திறனாளிப் பயணிகள் சிலர் நார்வேஜியன் குரூஸ் லைன் என்னும் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். தங்களுக்கு ஏற்ற அறைகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள் என்பது அவர்களது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. எங்கள் கப்பல் பறக்கவிடுவது பகாமாஸ் நாட்டுக் கொடி, உங்கள் நாட்டுச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் வாதிட்டது. 2005 ஜூன் 6 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கப்பலின் உள் நிர்வாகத்தைத் தொடும் சில செய்திகள் நீங்கலாக, அமெரிக்க நீர்ப்பரப்பில் வந்து வணிகம் செய்யும் கப்பல் அந்நாட்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்திற்கு உட்பட்டதே என்றது.

பின்னர் 2010-இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட விதியைப் பாருங்கள். ஒரு வகுப்பின் ஏனைய அறைகள் எல்லாம் பதிவாகும் வரை அணுகத்தக்க அறைகளை மாற்றுத் திறனாளிகளுக்காகவே வைத்திருக்க வேண்டும். ஒருவர் அதைக் கேட்டுப் பெற்றதும் எல்லாப் பதிவேடுகளிலிருந்தும் அந்த அறையை நீக்கிப் பூட்டிவிட வேண்டும். மற்றப் பயணிகளுக்கு இன்ன அறைதான் என்று உறுதி கொடுக்கிறீர்களோ இல்லையோ, இவருக்குக் குறித்த அதே அறையைக் கொடுத்தே தீர வேண்டும். விசாலத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லிப் பதிவு செய்தவர் மீது தக்க ஐயம் எழுந்தால் விசாரிக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இதில் பெருஞ்செலவு எங்கே இருக்கிறது? புதிய கப்பல் கட்டச் சொல்லவில்லை. பதிவேட்டில் ஒரு பூட்டுப் போடச் சொல்கிறது.

பாகூர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாகாது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், நம் ஊரில் இருந்த கல்விச்சாலை ஒன்றுக்கு மூன்று சிற்றூர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. ஓலையில் எழுதாமல் ஏன் செம்பில் வெட்டினார்கள்? நாளை வருகிற அதிகாரி, "இந்த ஊருக்குப் பதிலாக அதே தரத்தில் வேறு ஊர் தருகிறோம்" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான். எல்லை எது, உரிமை எது, எவருக்கு என்று வரையறுத்து எழுதினால்தான் கொடை நிலைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கணிப்பொறி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது தெரியவில்லை என்றால் நம்ப முடியுமா?

கப்பல்காரர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது முறையன்று. கடல் தரையைப் போன்றதன்று. கப்பல் தலைவருக்குப் பாதுகாப்பு முதன்மை. தீப்பற்றினால், மின்தூக்கி நின்றால், நடக்க இயலாதவரை எப்படி இறக்குவது? கேள்வி உண்மையானது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியுள்ள கடற்பயணிகள் சட்டமும் பாதுகாப்புக் காரணத்தை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது நிறுவனத்துக்குக் கடமையையும் சுமத்துகிறது: மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், பதிவு செய்தவரை ஏற்ற மறுத்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதா வேறு பயணம் கொள்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கே உண்டு. மேலும், பாதுகாப்பைக் காரணம் காட்டுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அகன்ற கதவுள்ள அறையிலிருந்து ஒடுங்கிய கதவுள்ள அறைக்கு ஒருவரை மாற்றினால், தீ வேளையில் அவருக்கு ஆபத்து கூடுமா, குறையுமா? அறையைப் பறிக்கும்போது மட்டும் பாதுகாப்பு நினைவுக்கு வருவதில்லை. ஆளை இறக்கிவிடும்போது மட்டும் வருகிறது.

யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே கிடந்த, முப்பத்தெட்டு ஆண்டுகள் உடல்நலமற்றிருந்த மனிதரை நாம் அறிவோம். அவர் சொன்ன குறையை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்து அற்புதத்துக்குப் போய்விடுகிறோம். குளம் இருந்தது, குணமாகும் வாய்ப்பும் இருந்தது, அவர் போவதற்குள் வேறொருவர் முந்தி இறங்கிவிடுகிறார் என்பதே அவருடைய முறையீடு. வாய்ப்பை உண்டாக்கியவர்கள் அதை உரியவருக்காகக் காக்கவில்லை. அறை மாற்ற மடலைக் கையில் வைத்திருப்பவரின் முறையீடும் அதுவே.

இங்கே நாம் கப்பல்காரரை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. நம் தொலைதூர இரயில்களில் மாற்றுத் திறனாளிகளுக்கென்று தனிப் பகுதி கொண்ட பெட்டி இருக்கிறது: அகன்ற கதவு, அகன்ற கழிவறை. விழுப்புரம் நிலையத்தில் ஒரு பண்டிகை இரவில் அந்தப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். உள்ளே அமர்ந்திருப்பவர்களின் கால்கள் நன்றாகவே இருக்கும். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 155-ஆம் பிரிவு இதற்கு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்? தூங்கும் வசதிப் பெட்டியில் அவர்களுக்கென்று குறிக்கப்பட்ட கீழ்ப்படுக்கையில் வந்து அமர்ந்துகொண்டு, "கொஞ்சம் மேலே போய்க்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கும் நல்ல உள்ளங்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் செபமாலையும் இருக்கக்கூடும்.

வேளாங்கண்ணிக்கோ வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்துக்கோ பங்கிலிருந்து பேருந்து ஏற்பாடு செய்யும்போது முன்னிருக்கை யாருக்குப் போகிறது? நன்கொடை அதிகம் தந்தவருக்கு, பாடகர் குழுவின் வாத்தியப் பெட்டிக்கு, சில வேளைகளில் பங்குப் பேரவைத் தலைவரின் உறவினருக்கு. கால் மடங்காத முதியவளிடம், "பாட்டி, பின்னாலே நிறைய இடம் இருக்கு, தாராளமாப் படுத்துக்கிட்டே வரலாம்" என்று அன்பொழுகச் சொல்கிறோம். கப்பல் நிறுவனத்தின் மடலும் இதே அன்பில்தான் எழுதப்படுகிறது. கோவிலில் சாய்தளம் கட்டிவிட்டு, திருவிழா நாளில் அதன்மேல் ஒலிபெருக்கிப் பெட்டியை அடுக்கிவைக்கும் பங்குகளைப் பற்றி நான் தனியே எழுத வேண்டியதில்லை.

நாம் இரக்கத்தில் குறைந்தவர்கள் அல்லர். தூக்கிவிடவும் தாங்கிப் பிடிக்கவும் எத்தனை கைகள் வேண்டுமானாலும் நீளும். ஆனால் தூக்கிவிட வேண்டாத நிலையை ஒருவருக்கு உண்டாக்கித் தருவதும், அதைப் பிறகு தொடாமல் இருப்பதும் நமக்குக் கடினமாக இருக்கிறது. இரக்கம் நம் கையில் இருக்கும். வேண்டும்போது கொடுக்கலாம், வேண்டாதபோது எடுத்துக்கொள்ளலாம். உரிமை அவர் கையில் போய்விடும். அதனால்தான் இரக்கத்தை விரும்புகிற அளவுக்கு உரிமையை நாம் விரும்புவதில்லை.

"உல்லாசக் கப்பல் பணக்காரர் விவகாரம்" என்ற பேச்சை இந்த இடத்தில் முடித்துவிடலாம். பணம் இருந்தும், உறுதிச் சீட்டு இருந்தும், மடல் எழுதவும் வழக்காடவும் வல்லவராயிருந்தும் ஒருவருக்குக் குறித்த இடம் பறிக்கப்படுமானால், பாகூரிலிருந்து கடலூர்ப் பேருந்தின் உயர்ந்த படியைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு எந்த இடம் மிஞ்சும்? பணக்காரரின் அறையைக் காக்கும் விதியே ஏழையின் கீழ்ப்படுக்கையையும் காக்கும். விதி என்று ஒன்று எழுதப்படுமானால்.

உல்லாசக் கப்பல் இனிப் புதுச்சேரிக் கடலுக்கு வரும்போதெல்லாம் நாம் சிலவற்றைக் கேட்க வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கான அறைகள் எத்தனை, அவை எந்தத் தளத்தில் உள்ளன என்பதைப் பயணச் சீட்டு விற்பதற்கு முன்பே வெளியிட வேண்டும். பதிவான அறையைப் பயணியின் எழுத்து மூலமான இசைவின்றி எக்காரணத்தாலும் மாற்றக் கூடாது. கப்பலே மாறினால், அதே வசதியுள்ள அறை இருக்கும் வேறொரு பயணத்தில் அவருக்கு இடம் தந்து, உடன் வருபவரின் செலவோடு இழப்பீடும் தர வேண்டும். கரைக்கு வரும் படகில் சக்கர நாற்காலி ஏற இறங்கப் பலகை வேண்டும். இந்நான்கையும் அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக எழுதுமாறு சுற்றுலாத் துறைக்கும் துறைமுகத் துறைக்கும் ஒவ்வொரு பங்கிலிருந்தும் விண்ணப்பம் போகட்டும். மாற்றுத் திறனாளிகளிடமே முதல் கையொப்பத்தை வாங்குங்கள். அதற்கு அவர்கள் பங்கு அலுவலகத்தின் படியேற வேண்டியிருந்தால், மேசையைக் கீழே கொண்டுவந்து போடுங்கள்.